கடைமடைக்கு அப்பாலுள்ள காடு

சோழநாட்டின் வளத்தைப் பேசும் பழைய நூல்களில் காட்டுக்கு இருவேறு இடங்கள் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலை, கரிகாலன் காடுகளைத் திருத்தி மக்கள் குடியேறும் ஊர்களாக மாற்றினான் என்று அவனது ஆட்சித் திறத்தைப் போற்றுகிறது. சில நூற்றாண்டுகள் கழித்து எழுந்த தேவாரமோ, அதே நாட்டின் தலங்களை மரமும் பொழிலும் சூழ்ந்த இடங்களாகவே காண்கிறது. காட்டை வெட்டி வயலாக்கிய உழைப்பும், எஞ்சிய மரத்தைத் தெய்வத்தோடு சேர்த்து வைத்துக் காத்த பற்றும் சேர்ந்ததே காவிரிப் படுகையின் வரலாறு என்பதை இவ்விரு நிலைகளும் உணர்த்துகின்றன.

வேளாண்மை விரிய விரியச் சமவெளிக் காடுகள் ஏறத்தாழ முற்றிலும் மறைந்தன. திருவெண்காடு, தலைச்சங்காடு, தலையாலங்காடு, திருக்கொள்ளிக்காடு என்று பெயர் தாங்கி நிற்கும் ஊர்களைச் சுற்றி இன்று காணப்படுவது நெல் வயலே. கோயில்தோறும் வழிபடப்படும் தலமரம், ஊர் எல்லையில் ஐயனார் கோயிலைச் சுற்றி வெட்டாமல் விடப்பட்ட திடல், கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த இலுப்பைத் தோப்பு, ஆற்றங்கரைப் படுகைகளில் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மூங்கிலும் நாவலும் மருதும் ஆகியவையே உள்நாட்டில் எஞ்சியுள்ள மரச்செறிவுகள். இவற்றிலும் பல, சாலை விரிவாக்கத்தாலும் மனை விற்பனையாலும் சுருங்கிவிட்டன. அடர்ந்து கிடந்த ஒரு வனத்தை வாங்கி, அதை வெட்டியும் எரித்தும் அழித்து, அந்த இடத்தில் சர்க்கரை ஆலை அமைக்க முனையும் மனிதனைச் சா. கந்தசாமி தம் ‘சாயாவனம்’ புதினத்தில் படைத்துக் காட்டினார். தமிழில் சூழலியல் நோக்கில் தொடர்ந்து பேசப்படும் அந்தப் புதினம் காவிரிப் படுகையைக் களமாகக் கொண்டிருப்பது தற்செயலானதாகத் தோன்றவில்லை. காட்டை இழந்து வளத்தைப் பெற்ற அனுபவம் இந்த மண்ணுக்கு மிக நெருக்கமானது.

இருப்பினும் காவிரிப் படுகையில் காடு முழுவதும் அழிந்துவிடவில்லை. ஏர் புக முடியாத இடமான கடலோரத்தில், ஆறுகள் உப்பு நீரோடு கலக்கும் சேற்று நிலத்திலும் அதை அடுத்த மணல் மேடுகளிலும், அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தக் காடு எத்தகையது, அது எப்படி அழிந்து எப்படி மீண்டது, இன்று அதற்குத் தேவைப்படுவது என்ன என்பனவற்றை அறிவது, நெல் விளைவிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொடர்புடைய செய்தியாகும்.

கடலோரத்தில் எஞ்சிய மூன்று காடுகள்

வடக்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், சிதம்பரத்தை அடுத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காடு அமைந்துள்ளது. தெற்கே, வங்கக் கடற்கரை திடீரென மேற்கே திரும்பிப் பாக் நீரிணையை நோக்கும் முனையில் கோடியக்கரைக் காடு இருக்கிறது. அதற்கு மேற்கே, பரந்த வேதாரண்யம் சதுப்பு நிலத்தின் மறுகோடியில், திருவாரூர் மாவட்டத்திலிருந்து தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரை வரை முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் பரவியுள்ளன. ஆறும் கடலும் கலக்கும் முகத்துவாரங்களில், நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதநீரில் வளரும் மரங்களின் தொகுதியையே அலையாத்திக் காடு என்கிறோம்; கண்டல் காடு, சதுப்புநிலக் காடு என்ற பெயர்களும் இதற்கு வழங்குகின்றன.

இம்மூன்றுள் பரப்பில் பெரியது முத்துப்பேட்டை. ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் பரப்புள்ள இப்பகுதி முழுவதும் மரங்களால் மூடப்பட்டிருப்பதில்லை. ஆழமற்ற ஒரு பெரிய உப்பங்கழியும், சேற்றுத் திட்டுகளும், உமரி போன்ற உவர்ச்செடிகள் மட்டுமே முளைக்கும் வெற்று நிலமும் அதில் அடங்கும். முத்துப்பேட்டை, பாலஞ்சூர், தாமரங்கோட்டை, மரவக்காடு முதலிய காப்புக்காடுகளாக வனத்துறை இதைப் பிரித்து நிர்வகிக்கிறது. ஜாம்புவானோடையிலிருந்து கோரையாற்றின் வழியே படகில் செல்பவர்கள், வயலும் தென்னந்தோப்பும் பின்தங்கி, இரு கரையிலும் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் அலையாத்தி மரங்கள் நெருங்கி வருவதையும், அவற்றுக்கு அப்பால் உப்பங்கழி அகலமாக விரிவதையும் காணலாம்.

இக்காட்டுக்கு நன்னீர் கொண்டுவரும் ஆறுகளின் வழி, டெல்டாவின் பாசன வழியே ஆகும். கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகிறது. பாமணியாறும் கோரையாறும் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பகுதிகளின் வயல்களுக்கு நீர் கொடுத்துவிட்டு, கிளைதாங்கியாறு, கந்தப்பரிச்சானாறு, மரைக்காக்கோரையாறு ஆகியவற்றோடு சேர்ந்து முத்துப்பேட்டை உப்பங்கழியில் கலக்கின்றன. ஆகவே, பாசன வரைபடத்தில் கடைமடை என்று குறிக்கப்படும் இடத்தோடு காவிரியின் பணி முடிந்துவிடுவதில்லை. அதற்கும் அப்பால் அந்த நீரை எதிர்பார்த்து ஒரு காடு நிற்கிறது.

உப்பில் வாழும் மரம்

முத்துப்பேட்டைக் காட்டில் பெரும்பான்மையாக உள்ளது, தாவரவியலார் அவிசென்னியா மரினா என்றழைக்கும் அலையாத்தி மரம். வெண்கண்டல் என்றும் இதைச் சொல்வதுண்டு. நரிக்கண்டல், தில்லை போன்றவை இடையிடையே காணப்படுகின்றன. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு விளையும் என்பதால் விறகு வெட்டுவோர் அதை நெருங்க அஞ்சுவர். சிதம்பரம் தலத்துக்குப் பெயர் தந்த இந்த மரம், கோயில் நகரைச் சுற்றி இன்று இல்லாமல் போய், சில கல் தொலைவிலுள்ள பிச்சாவரத்துக் கழிமுகத்தில் தொடர்ந்து வளர்கிறது. தாய்மரத்திலேயே முளைத்த பின்னர்க் கீழே விழும் நீண்ட காய்களையும், வளைந்து சேற்றில் ஊன்றும் தாங்குவேர்களையும் உடைய சுரபுன்னையும் பிச்சாவரத்தின் அடையாளமாகத் திகழ்கிறது.

அலையாத்தி மரத்தை அருகில் சென்று பார்த்தால் அதன் வாழ்க்கை முறை விளங்கும். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் கனமுள்ள ஆயிரக்கணக்கான குச்சிகள் செங்குத்தாக மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அவை செடிகள் அல்ல, மண்ணுக்கடியில் கிடையாக ஓடும் வேர்களிலிருந்து எழும் மூச்சுவேர்கள். எப்போதும் நீரில் ஊறிய சேற்றில் உயிர்வளி மிகக் குறைவாக இருப்பதால், ஓதம் வடிந்த நேரத்தில் இம்மூச்சுவேர்களின் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே சென்று, நிலத்தடி வேர்களுக்குச் சேர்கிறது. வேர் உறிஞ்சும் நீரிலுள்ள உப்பின் பெரும்பகுதியை வேரே தடுத்துவிடுகிறது. மீறி உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. வெயில் ஏறிய பிறகு அதன் இலையைத் தடவினால் விரலில் உப்புத் துகள் ஒட்டும்.

இவ்வளவு திறன் பெற்ற மரமும் உப்பை விரும்பி வாழ்வதில்லை, தாங்கி வாழ்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. கோடையில் ஆற்று நீர் வரத்து நின்று, ஆழமற்ற கழி வெயிலில் வற்றும்போது, உப்பின் அளவு கடல்நீரையும் மிஞ்சிவிடும். வளர்ந்த மரம் அந்தக் கோடையைக் கடந்துவிடும். முளைக்கும் விதையால் அது இயலாது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில் அலையாத்தியின் காய்கள் உதிர்ந்து நீரில் மிதந்து சென்று, உப்புக் குறைந்த ஈரச் சேற்றில் படியும்போதுதான் வேர்விட்டு நிலைக்கின்றன. மழையும் ஆறும் சேர்ந்து தரும் சில வாரத்து நன்னீரே அடுத்த தலைமுறை மரங்களை உருவாக்குகிறது. இந்த உண்மையை மனத்தில் கொண்டால், இக்காடு கடந்த நூற்றாண்டில் பட்ட துன்பத்தின் காரணம் எளிதில் புலப்படும்.

வெட்டியதும் மீட்டதும்

தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்கள், இராமேசுவரம் செல்லும் பெருவழியில் யாத்திரிகர்களுக்கு உணவும் தங்குமிடமும் தருவதற்காகப் பல சத்திரங்களை அமைத்தனர். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் 1802இல் நிறுவிய முத்தம்மாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. முத்துப்பேட்டைக் காடுகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சத்திர நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தன. காட்டுப் பொருள்களின் விற்பனையால் கிடைத்த வருவாயில் ஒரு பகுதி சத்திரங்களின் அறப்பணிக்குச் சென்றது. 1937இல் இக்காடுகள் வனத்துறையின் கைக்கு வந்தன.

அக்கால வனவியல், காட்டை விறகும் மரமும் தரும் விளைநிலமாகவே கருதியது. ஆகவே, காடு கூப்பு எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்து ஒவ்வொரு பகுதியும் அடியோடு வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் சில ஆண்டுகளில் மரம் தானே தழைத்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. மலைக்காடுகளில் ஓரளவு பலித்த அந்தக் கணக்கு, இங்கே பொய்த்தது. நிழல் போனதும் வெயில் நேரடியாகச் சேற்றில் விழுந்து ஈரத்தை உறிஞ்சியது. மண் இறுகித் தாழ்ந்து, நடுவில் பள்ளமாகியது. உயர்ந்த ஓதத்தின்போது பள்ளத்துக்குள் வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, வற்றி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. ஆண்டுதோறும் உப்பு ஏற ஏற, அந்த நிலத்தில் எந்த விதையும் முளைக்க இயலாமல் போயிற்று. 1970களின் தொடக்கம் வரை தொடர்ந்த இந்த வெட்டுமுறை, கரையோரத்தில் மட்டும் ஒரு மரவரிசையை விட்டுவைத்து, உள்ளே பெரும்பரப்பை வெறும் உவர்நிலமாக்கியது. காடு அழிந்ததற்கு விறகு பொறுக்கும் ஏழைகளையும் மேயும் மாடுகளையும் குறை சொல்வது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. மண்ணின் போக்கை ஆராய்ந்த பிறகே, நிர்வாக முறையால் மாறிய நீரோட்டம்தான் முதன்மைக் காரணம் என்று தெளிந்தது.

அந்தத் தெளிவை அளித்ததில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கும்பகோணத்தில் 1925இல் பிறந்து, நாட்டின் நெல், கோதுமை விளைச்சலைப் பெருக்கிய பசுமைப் புரட்சியின் முன்னோடியாக அறியப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன், 1988இல் தாம் தொடங்கிய நிறுவனத்தின் முக்கியப் பணிகளுள் ஒன்றாகக் கடலோரக் காடுகளின் மீட்பை எடுத்துக்கொண்டார். 1990களில் அந்நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் கடலோர ஊர்மக்களும் இணைந்து பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மேற்கொண்ட பணி, இந்தியாவின் பிற கடற்கரைகளுக்கும் வழிகாட்டியாக அமைந்தது.

மீட்பு முறையின் சாரம் எளியது: தேங்கிய உப்பு நீருக்கு வடிகாலும், புதிய ஓதத்துக்கு வழியும் அமைத்துவிட வேண்டும். கழியிலிருந்து உவர்நிலத்தின் உள்ளே ஒரு முதன்மை வாய்க்காலும், அதிலிருந்து இருபுறமும் சாய்கோணத்தில் பிரியும் கிளை வாய்க்கால்களும் வெட்டப்படுகின்றன. மேலிருந்து பார்த்தால் மீனின் முள்ளெலும்பு போலத் தோன்றுவதால் மீன்முள் வாய்க்கால் என்று இதற்குப் பெயர். வாய்க்காலின் குறுக்குவெட்டு மேலே அகன்றும் அடியில் குறுகியும் இருக்கும். அதன் சரிவில், அடித்தளத்துக்கும் கரைக்கும் நடுவே, அலையாத்தி விதைகளோ கன்றுகளோ நடப்படுகின்றன. மிகக் கீழே நட்டால் நீரில் மூழ்கிக் கன்று அழுகும்; மிக மேலே நட்டால் ஓதம் எட்டாமல் உப்பில் கருகும். ஆகவே, நாள்தோறும் நனைந்து வடியும் அந்த ஒரு பட்டையைக் கண்டறிந்து நடுவதே இதில் தேர்ச்சி. ஓதம் ஏறி இறங்கும்போதெல்லாம் மண்ணின் உப்பு சிறிது சிறிதாகக் கழுவப்பட்டு, சில ஆண்டுகளில் வாய்க்கால்களுக்கு இடைப்பட்ட நிலத்திலும் கன்றுகள் தாமே முளைக்கத் தொடங்குகின்றன.

இம்முறைக்கு இணையான உள்ளூர் வழக்கம் ஒன்று முத்துப்பேட்டையில் முன்பே இருந்தது. கழியிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு உள்ளே வரும் மடவை, இறால், நண்டு ஆகியவற்றைப் பிடிக்கும் வாய்க்கால் மீன்பிடிப்பு இங்குள்ள மீனவர்களின் தொழில். மீனுக்காக வெட்டிய அந்த வாய்க்கால்களின் கரைகளில் அலையாத்தி செழித்து வளர்ந்தது. உழைக்கும் மக்களின் அனுபவமும் ஆய்வாளர்களின் அளவீடும் ஒரே முடிவில் வந்து சேர்ந்ததற்கு இது சிறந்த சான்று. மீட்புப் பணியில் ஊர்மக்களைக் கூலியாட்களாக மட்டும் நடத்தாமல், திட்டமிடுவதிலும் காவலிலும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டதே அதன் வெற்றிக்கு அடிப்படை.

கோடியக்கரையின் உலர்காடு

முத்துப்பேட்டைக்குக் கிழக்கே உள்ள கோடியக்கரைக் காடு முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் பெய்து, மீதிக் காலம் வறண்டு கிடக்கும் கடலோரத்தில், தோல் போன்ற தடித்த இலைகளால் ஈரத்தைக் காத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் குட்டையான மரங்களின் காடு அது. ஒரு காலத்தில் சோழமண்டலக் கடற்கரை நெடுக இருந்த இவ்வகைக் காடு, இன்று கோயில் காடுகளாகவும் சிறு துண்டுகளாகவும் மட்டுமே எஞ்சியுள்ளது; அவற்றுள் பெரிய தொடர்ச்சியான பகுதிகளில் ஒன்று கோடியக்கரை. உறுதியான மரமும் இனிய மஞ்சள் பழமும் தரும் பாலை மரமே இங்கு மிகுதி.

1967இல் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்விடத்தில், புல்வெளிகளில் வெளிமான் கூட்டங்கள் மேய்கின்றன. குளிர்காலத்தில் வடக்கு ஆசியாவின் பனிநிலங்களிலிருந்து உள்ளான் வகைகளும், வேறு இடங்களிலிருந்து பூநாரைகளும் பிற நீர்ப்பறவைகளும் வேதாரண்யம் சதுப்பு நிலத்தில் வந்து இறங்குகின்றன. பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் ஊக்கத்தால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கு பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் வலசைப் பாதைகளை நெடுங்காலம் ஆராய்ந்தது. உலகளாவிய முக்கியத்துவம் பெற்ற நீர்நிலைகளைக் காக்க ஈரானின் ராம்சர் நகரில் 1971இல் கையெழுத்தான உடன்படிக்கையின் கீழ், 2002இல் கோடியக்கரை ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 385 சதுர கிலோமீட்டர் கொண்ட அத்தளத்தில் முத்துப்பேட்டைக் காடும் அடங்கும். 2022இல் பிச்சாவரமும், டெல்டாவின் உட்பகுதியிலுள்ள வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்களும் அதே மதிப்பைப் பெற்றன.

கோடியக்கரைக் காட்டின் பெரும் பகை, வெளியிலிருந்து வந்து வேரூன்றிய சீமைக்கருவேலம். விறகுக்காகப் பரப்பப்பட்ட இந்த அயல்தாவரம் புல்வெளிகளை மூடி வெளிமானின் மேய்ச்சலைக் குறைக்கிறது. வெட்டினாலும் தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. அதை வேரோடு அகற்றி, அந்த இடத்தில் இந்த மண்ணுக்குரிய மரங்களும் புல்லும் மீளும்வரை தொடர்ந்து கண்காணிப்பதே பயன்தரும்.

ஆழிப்பேரலையும் புயலும்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அந்தத் துயரத்துக்குப் பிறகு, கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியான கட்டுரை, பிச்சாவரத்தை ஒட்டிய பகுதியில் மரங்களின் பின்னே அமைந்திருந்த ஊர்கள் திறந்த கடற்கரையிலிருந்த ஊர்களைவிடக் குறைவாகச் சேதமடைந்தன என்று காட்டியது. கடலிலிருந்து ஊர் இருந்த தொலைவும் நிலத்தின் உயரமும் சேதத்தைத் தீர்மானித்தன என்று வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியதையும் இங்கே சேர்த்துச் சொல்வதே நேர்மை. காடு எல்லாப் பேரலைகளையும் தடுத்து நிறுத்திவிடும் என்று நம்பி, மேட்டுநிலத்தில் வீடு கட்டுவதையும் எச்சரிக்கை ஏற்பாடுகளையும் புறக்கணிக்கக் கூடாது. அதே சமயம், அன்றாட அலையின் வேகத்தைத் தணிப்பதிலும், கரையின் மண்ணைப் பிடித்து வைப்பதிலும், புயல் காற்றின் முதல் அடியைத் தாங்குவதிலும் இக்காட்டின் பங்கு மறுக்க முடியாதது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்து, ஒரு தலைமுறையின் உழைப்பை ஒரே இரவில் அழித்தது. கோடியக்கரையின் பழைய மரங்கள் முறிந்தன; முத்துப்பேட்டையில் அலையாத்தி மரங்கள் இலையெல்லாம் உதிர்ந்து பரவலாகப் பட்டுப்போயின. காயம்பட்ட காடு மீண்டும் தழைக்க வேண்டுமானால் விதை முளைக்கும் சூழல் அமைய வேண்டும்; முளைப்புக்கு நன்னீர் வேண்டும். ஆகவே, புயலுக்குப் பிந்தைய காட்டின் எதிர்காலமும் ஆற்றில் வரும் நீரிடமே திரும்புகிறது.

ஆற்று நீரில் காட்டின் பங்கு

காவிரி நீர் கடலில் கலக்கும் செய்தி வரும்போதெல்லாம், அந்த நீர் வீணாகிறது என்ற குரல் டெல்டாவில் எழுகிறது. கருகும் பயிரைக் கண்டு கலங்கும் உழவரின் மனத்திலிருந்து வரும் அந்தக் குரலில் நியாயமான வேதனை உண்டு. எனினும், கடலுக்குள் செல்லும் நீர் முழுவதையும் வீண் என்று கணக்கிடுவது, காட்டையும் மீன்வளத்தையும் நிலத்தடி நன்னீரையும் கணக்கிலிருந்து விட்டுவிடுவதாகும்.

1934இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு, காவிரியின் வெள்ளம் ஒழுங்குக்குள் வந்தது; மேல்படுகையிலும் அணைகள் பெருகின. முறையான பாசனத்தால் டெல்டா பயனடைந்தபோதே, கழிமுகத்துக்கு இயல்பாக வந்த நீரும் வண்டலும் குறைந்தன. இன்று முத்துப்பேட்டைக்கு நன்னீர் கணிசமாகச் சேருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டுமே. மேட்டூர் நிரம்பி வழியும் ஆண்டுகளிலும் மிகுதி வெள்ளம் கொள்ளிடத்தின் வழியே வெளியேற்றப்படுவதால், வெண்ணாற்றுக் கிளைகளின் முடிவிலுள்ள இக்காட்டுக்கு அந்தப் பெருக்கு வந்து சேர்வதில்லை. வயல்களிலிருந்து வடியும் நீரோடு உரமும் பூச்சிக்கொல்லியும் சேர்ந்து வருகின்றன. நன்னீர் குறைந்ததன் விளைவாக, உப்பை அதிகம் தாங்கும் அலையாத்தி ஒன்றே பெருகி, மென்மையான பிற இனங்கள் அருகிவிட்டன. மேல்நிலத்தில் அணைகளும் கால்வாய்களும் பெருகிய பின் பாகிஸ்தானின் சிந்து ஆற்று டெல்டாவிலும் இதே மாற்றம் பெரிய அளவில் நிகழ்ந்தது. அங்கே கடல்நீர் உள்ளேறிய வயல்களை விட்டு மக்கள் வெளியேற நேர்ந்தது.

காவிரியைப் பற்றிய சட்டமும் இந்த உண்மையை முற்றிலும் மறந்துவிடவில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று வழங்கிய இறுதித் தீர்ப்பில், பகிர்வுக்கு உரியதாகக் கொள்ளப்பட்ட 740 டி.எம்.சி. நீரில், அதாவது நூறு கோடி கன அடியை ஓர் அலகாகக் கொண்ட கணக்கில், 10 டி.எம்.சி. சுற்றுச்சூழல் காப்புக்கும் 4 டி.எம்.சி. தவிர்க்க முடியாமல் கடலில் சேரும் நீருக்கும் ஒதுக்கப்பட்டன. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 419 டி.எம்.சி.யிலிருந்து 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோதும், இவ்விரு ஒதுக்கீடுகளும் அப்படியே நீடித்தன. இரண்டையும் கூட்டினாலும் மொத்த நீரில் நூற்றுக்கு இரண்டு பங்கைக்கூட எட்டவில்லை. எனினும், ஆற்றின் இயற்கைக்கு ஆற்று நீரில் உரிமை உண்டு என்னும் கொள்கை அதில் ஏற்கப்பட்டுவிட்டது.

கடலோரத்தைக் காக்கச் சட்டத்தை நாடிய வரலாறும் இந்த மண்ணுக்கு உண்டு. 1990களில் தஞ்சை, நாகைக் கடலோரத்தில் பெருகிய இறால் பண்ணைகள் வயல்களையும் குடிநீரையும் உப்பாக்கியதை எதிர்த்து, நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத்தரப் பாடுபட்ட காந்தியவாதிகளான எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் மக்களைத் திரட்டிப் போராடினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், 1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் கீழ்வரும் கரையோர மண்டலத்தில் மரபுவழி முறைகள் நீங்கலான இறால் பண்ணைகளுக்குத் தடை விதித்தது. பிற்காலச் சட்டத்தால் அந்தத் தடை தளர்ந்தபோதிலும், கழிமுகத்தின் சேற்று நிலம் யாருக்கும் உரிமையில்லாத தரிசு என்ற எண்ணத்தை அந்தத் தீர்ப்பு உடைத்தது.

நெல்லுக்கும் இந்தக் காட்டுக்கும் உள்ள உறவு இன்னொரு வகையிலும் வெளிப்பட்டுள்ளது. கடல்மட்டம் உயரும் காலத்தில் கடலோர வயல்கள் உவராகும் என்று முன்கூட்டியே உணர்ந்த சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், அலையாத்தி மரத்தில் உப்பைத் தாங்கும் திறனுக்குக் காரணமான மரபணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றை நெற்பயிரில் செலுத்தி ஆராய்ந்துவருகின்றனர். களர்பாலை, குழியடிச்சான் போன்ற உவர்தாங்கும் பாரம்பரிய நெல் வகைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த வேதாரண்யம் வட்டார உழவர்களின் அறிவும், காட்டு மரத்திலிருந்து பெறப்படும் இந்தப் புதிய அறிவும் எதிர்காலத்தின் சோற்றுக்குத் தேவைப்படும் செல்வங்கள்.

செய்யத்தக்கவை

மார்ச் 21 உலகக் காடுகள் நாளாகவும், ஜூலை 26 உலக அலையாத்திச் சூழல் நாளாகவும் கொண்டாடப்படுகின்றன. அந்த நாள்களில் மரக்கன்று நடுவதும் பேரணி செல்வதும் நல்லவையே. ஆனால் அலையாத்திக் காட்டைப் பொறுத்தவரை, கன்று நடுவதைக் காட்டிலும் நீர் போகும் வழியைத் திறந்து வைப்பதே முதன்மையான தொண்டு. வெட்டிய மீன்முள் வாய்க்கால்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே வண்டலால் தூர்ந்துவிடுகின்றன. பாசன வாய்க்கால்களை ஊரார் கூடித் தூர்வாரும் குடிமராமத்து என்னும் மரபு இந்த நாட்டுக்குப் புதிதன்று. அதே மரபைக் காட்டு வாய்க்கால்களுக்கும் நீட்டி, மீனவ ஊர்களுக்கு அதில் கூலியும் உரிமையும் பொறுப்பும் அளிக்கலாம். தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்கோடு 2022இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காடு மிகக் குறைந்த டெல்டா மாவட்டங்களில் ஆற்றங்கரைப் படுகைகளையும் கோயில் நிலங்களையும் இலுப்பை, நாவல், மருது, புன்னை போன்ற மண்ணுக்குரிய மரங்களால் நிரப்ப முற்படுவது பொருத்தமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீரில் பங்கு தரப்பட வேண்டும். நீர் குறைந்த காலங்களில் ஆறுகளுக்கு முறை வைத்துத் திறந்து, தலைமடைக்கும் கடைமடைக்கும் நியாயம் செய்யும் பாசன ஒழுங்கு டெல்டாவில் நன்கு வேரூன்றியது. அந்த ஒழுங்கில், அலையாத்தி விதை உதிர்ந்து முளைக்கும் காலத்தில் கோரையாற்றின் வழியும் பாமணியாற்றின் வழியும் முத்துப்பேட்டைக்கு ஒரு முறை நீர் விடுவதை விதியாகவே எழுதிச் சேர்க்க வேண்டும். நடுவர் மன்றம் சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கிய நீரில் கழிமுகக் காட்டுக்குச் சேர வேண்டியது எவ்வளவு, அது எப்போது திறக்கப்படும் என்பதை நீர்வளத் துறையும் வனத்துறையும் சேர்ந்து முடிவுசெய்து, ஆண்டுதோறும் வெளிப்படையாக அறிவிப்பதும் கடமையாகும். டெல்டா உழவர் சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால், காட்டுக்காகப் பேச ஆளில்லை என்ற குறை நீங்கும்; அந்தக் காடு காக்கும் கரைக்குப் பின்னால் இருப்பவை அவர்களுடைய வயல்களே.